சொந்த மெயில் சர்வர் வேண்டாம், சொந்த டொமைன் வேண்டும்

கேள்வி: 15 வருடமாக ஜிமெயில்தான். வங்கி, வருமான வரி, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவமனை ரிப்போர்ட் எல்லாமே அதில்தான் வருகிறது. இவ்வளவும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது இப்போது உறுத்துகிறது. சொந்தமாக மெயில் சர்வர் வைத்துக்கொண்டால் வேறு யாரும் நம் மெயிலைப் பார்க்க முடியாது என்று அக்கா மகன் சொல்கிறான். வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. ஃபைபர் இணைப்பும் இருக்கிறது. லினக்ஸ் கொஞ்சம் பழக்கம், ஆனால் சர்வர் எதையும் நடத்தியதில்லை. தொடங்கலாமா? எவ்வளவு செலவாகும்? பழைய ஜிமெயில் கணக்கை அழித்துவிடலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: முதன்மை மெயிலைச் சொந்த சர்வருக்கு இப்போது மாற்றாதீர்கள். ஒருவர் முதன்முதலாக நடத்திப் பழகும் சர்வரிலேயே அவருடைய வங்கி மெயிலும் வருமான வரி மெயிலும் வந்து விழக் கூடாது. சொந்தமாக ஒரு டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வாங்கி, அதைக் கட்டணம் வாங்கும் நல்ல மெயில் சேவை ஒன்றில் இணைத்துவிடுங்கள். நீங்கள் தேடும் தனியுரிமையில் பெரும்பங்கு அதிலேயே கிடைக்கும். சர்வர் நடத்தவும் ஆசை இருந்தால், தொலைந்தாலும் நட்டமில்லாத மெயிலை வைத்து வேறொரு டொமைனில் பழகலாம். அதற்கான வழியைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

அக்கா மகன் சொன்னதில் பாதி சரி. ஜிமெயிலில் இருக்கும் மெயில் கூகுளின் வட்டில் இருக்கிறது, அதைத் திறக்கும் சாவியும் அவர்களிடமே இருக்கிறது. விளம்பரத்துக்காக மெயிலின் உள்ளடக்கத்தைப் படிப்பதை 2017இல் நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஆனாலும் நீதிமன்ற ஆணை வந்தால் அவர்களால் எடுத்துக் கொடுக்க முடியும். ஏதோ ஒரு தானியங்கிச் சோதனை உங்கள் கணக்கை முடக்கினால் 15 வருட மெயிலும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும். சொந்த சர்வரில் மெயில் உங்கள் வட்டில் இருக்கும், இந்த இரண்டு கவலையும் குறையும்.

குறையாதவற்றையும் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதும் மெயில் யாருக்குப் போகிறதோ, அவர் பெரும்பாலும் ஜிமெயிலிலோ அவுட்லுக்கிலோதான் இருப்பார். ஆகவே உங்கள் கடிதத்தின் ஒரு பிரதி அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. வங்கி அனுப்பும் மெயில், அந்த வங்கி வாடகைக்கு எடுத்திருக்கும் மெயில் நிறுவனத்தின் வழியாகத்தான் உங்களிடம் வருகிறது. ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது டிஎல்எஸ் குறியாக்கம் இருந்தாலும், வழக்கமான அமைப்பில் அது கட்டாயமில்லை. எதிர் சர்வர் டிஎல்எஸ் தராவிட்டால் வெற்று எழுத்தாகவே போய்விடும். யார், யாருக்கு, எப்போது, என்ன தலைப்பில் எழுதினார் என்ற விவரத்தை வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் பார்க்கிறது.

சில விஷயங்களில் சொந்த சர்வர் உங்களை முன்பைவிட அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். ஒரே ஒருவர் பயன்படுத்தும் டொமைன் என்றால் அந்த டொமைனே உங்கள் அடையாளம். ஜிமெயில் கூட்டத்தில் ஒருவராக இருந்தவர், சொந்த டொமைனில் தனியாக நிற்கிறார். (நான் பரிந்துரைக்கும் வழியிலும் இந்தக் குறை உண்டு. அதைச் சரிக்கட்ட, உண்மை முகவரியை மறைக்கும் மாற்று முகவரிகள், அதாவது மறைமுகவரிகள், இருக்கின்றன, பின்னால் வருகிறேன்.)

புதிதாகத் தொடங்குபவர்கள் கவனிக்காமல் விடும் இன்னொன்று, மெயிலின் தலைப்பகுதியில் இருக்கும் ‘ரிசீவ்டு’ வரிகள். மெயில் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்த்துக்கொண்டே போகும். எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது முதல் வரி. இணையப் பக்கத்திலிருந்து ஜிமெயில் வழியாக அனுப்பினால் அந்த வரியில் உங்கள் வீட்டு ஐபி முகவரி, அதாவது இணைய இணைப்பின் எண், இருக்காது. மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸை நிறுவி, இயல்பு அமைப்பிலேயே விட்டு, வீட்டு வைஃபையிலிருந்து ஒரு மெயிலை அனுப்பிப் பாருங்கள். அதை ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் அசல் மெயிலைக் காட்டும் வசதியை அழுத்தினால், கடைசி ‘ரிசீவ்டு’ வரியில் உங்கள் வீட்டு இணைப்பின் ஐபி அப்படியே தெரியும். நீங்கள் எழுதும் ஒவ்வொருவருக்கும் அது போகிறது. இதை நீக்க, மெயில் ஆப் வந்து இணையும் 587, 465 போர்ட்டுகளுக்கு (போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாசல்) மட்டும் தனி ‘கிளீனப்’ சேவை ஒன்றை அமைத்து, அந்த வரியைத் துடைக்கும் விதியைப் போட வேண்டும். மெயில்-இன்-எ-பாக்ஸ், மெயில்கவ் போன்ற தயார்நிலைத் தொகுப்புகள் இதைத் தாமே செய்துவிடுகின்றன. கையால் நிறுவுபவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

இனி உங்கள் பழைய லேப்டாப்புக்கு வருவோம். அது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். லேப்டாப்பில் குறை ஒன்றும் இல்லை, வீட்டு இணைப்புதான் இதற்கு ஒத்துவராது. நம் ஊர் வீட்டு இணைப்புகள் பலவற்றில் உங்களுக்கென்று தனியான ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரி கிடையாது; பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். ஜியோஃபைபரில் அப்படித்தான். வெளியிலிருந்து ஒரு சர்வர் சர்வர்கள் தமக்குள் மெயில் பரிமாறும் 25ஆம் போர்ட்டில் உங்கள் வீட்டைத் தட்டினால் யார் வீட்டுக் கதவு என்றே தெரியாது. கூடுதல் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்கினாலும் அடுத்த தடை உண்டு. ஸ்பேமைத் தடுக்கப் பட்டியல்கள் வெளியிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு பிபிஎல் என்ற பட்டியலை வைத்திருக்கிறது. நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத வீட்டு இணைப்பு முகவரிகள் அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள முகவரியிலிருந்து வரும் மெயிலை உலகின் பெரும்பாலான சர்வர்கள் வாசலிலேயே திருப்பிவிடும். போதாததற்கு, ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவை மாற்றும் அதிகாரம் இணைய நிறுவனத்திடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. வீட்டு இணைப்புக்கு அதை மாற்றித் தருபவர்கள் அரிது.

மின்வெட்டைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், அது பெரிய சிக்கல் இல்லை. உங்கள் சர்வர் அணைந்திருந்தால் அனுப்பும் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு 5 நாள். ஒரு இரவு மின்சாரம் இல்லாததால் மெயில் தொலையாது. சில நிமிடங்களில் காலாவதியாகும் ஓடிபிதான் வீணாகும்.

ஆகவே சர்வர் என்றால் மாத வாடகைக்கு எடுக்கும் விபிஎஸ்தான், அதாவது ஒரு நிறுவனத்தின் கணினியில் உங்களுக்கென்று ஒதுக்கும் பகுதி. அப்போது மெயில் இருப்பது உங்கள் வட்டில் இல்லை, வாடகை நிறுவனத்தின் வட்டில். வட்டைக் குறியாக்கம் செய்து வைத்தாலும், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது சாவி நினைவகத்தில் இருக்கும். அந்த இயந்திரத்தை நடத்துபவர் முழுப் பிரதி எடுக்க நினைத்தால் எடுக்கலாம். இந்தியாவில் விபிஎஸ் எடுத்தால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவருக்கு ஒதுக்கிய ஐபி ஆகியவற்றை நிறுவனம் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இது தவறு என்று சொல்ல வரவில்லை. ‘யாருக்கும் தெரியாது’ என்ற எண்ணத்தோடு தொடங்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உண்மையான தொல்லை அனுப்புவதில் இருக்கிறது. மெயிலை வாங்குவது எளிது. உங்கள் டொமைனின் மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு சரியாக இருந்து, 25ஆம் போர்ட் திறந்திருந்தால் உலகம் உங்களுக்கு அனுப்பிவிடும். அனுப்பும்போதுதான் நீங்கள் யார் என்று எல்லோரும் கேட்பார்கள்.

முதல் சுவர், வெளியே போகும் 25ஆம் போர்ட். கூகுள் கிளவுடில் அது இயல்பாகவே மூடியிருக்கும். அமேசானில் படிவம் நிரப்பிக் கேட்க வேண்டும். டிஜிட்டல் ஓஷனிலும் மூடியிருக்கும். ஹெட்ஸ்னரில் புதிய வாடிக்கையாளருக்கு 25, 465 இரண்டும் மூடியே கிடைக்கும். ஒரு மாதம் ஆகி முதல் பில் கட்டிய பிறகுதான் திறக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். எல்லாவற்றையும் நிறுவி முடித்துவிட்டு, மெயில் வரிசையில் ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்று நூறு வரி நிற்பதைப் பார்த்துக் குழம்புபவர்கள் ஏராளம். நிறுவும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

இரண்டாவது, கையில் வரும் ஐபியின் முன்வரலாறு. அதை உங்களுக்கு முன் வாடகைக்கு எடுத்தவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால், பழைய குடித்தனக்காரரைத் தேடிக் கடன்காரர்கள் புதிய குடித்தனக்காரரின் வாசலில் வந்து நிற்கிற கதைதான். விபிஎஸ் எடுத்த முதல் பத்து நிமிடத்தில் ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் அந்த ஐபியைப் போட்டுப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் நீக்கக் கோரி மல்லுக்கட்ட வேண்டாம். அந்த விபிஎஸ்ஸை அழித்துவிட்டு வேறு எடுங்கள். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் நிறுவனமாக இருந்தால் சில ரூபாயோடு போகும். வருடச் சந்தா கட்டிவிட்டுச் சோதித்தால்தான் தலைவலி. ஒரு நிறுவனத்தின் முகவரித் தொகுதி முழுவதையுமே சேர்த்துப் பட்டியலிடுபவர்களும் இருக்கிறார்கள். யூசிஇபுரோடெக்ட்டின் மூன்றாம் நிலைப் பட்டியல் அப்படிப்பட்டது. அதில் உங்கள் தவறு எதுவும் இருக்காது, உங்களால் செய்யக்கூடியதும் எதுவும் இருக்காது.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது டொமைனின் விவரங்களை உலகுக்குக் காட்டும் ஏட்டில் உள்ள பதிவுகள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலின் தனிநபர் முகவரிகளுக்கு அனுப்பும் எல்லோருக்கும், நாளைக்கு ஒரே ஒரு மெயில் அனுப்புபவருக்கும், எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகிம் (மெயிலில் இடும் மின்கையொப்பம்), சரியான பிடிஆர், டிஎல்எஸ் மூன்றும் கட்டாயம். நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு டிமார்க்கும் (இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) கட்டாயம். நீங்கள் எல்லாவற்றையுமே வைத்துக்கொள்ள வேண்டும்.

பிடிஆர் பதிவை டொமைன் விற்றவரிடம் தேடாதீர்கள். அது விபிஎஸ் நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கும். சர்வரின் பெயர் ஐபியைக் காட்ட வேண்டும், ஐபி அதே பெயரைத் திரும்பக் காட்ட வேண்டும், போஸ்ட்ஃபிக்ஸ் ‘ஹலோ’ சொல்லும்போதும் அதே பெயரைச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் புதிய வகை ஐபியான ஐபிவி6 வழுக்கிவிடும். ஐபிவி4 முகவரிக்குப் பிடிஆர் போட்டிருப்பீர்கள், ஐபிவி6க்கு மறந்திருப்பீர்கள். இரண்டும் இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் ஐபிவி6 வழியாகவும் அனுப்பும். ஜிமெயிலோ பிடிஆர் இல்லாத ஐபிவி6 முகவரியிலிருந்து வருவதை 550 என்ற மறுப்பு எண் போட்டுத் திருப்பிவிடும். ‘சில மெயில் போகிறது, சில மெயில் திரும்புகிறது, காரணம் தெரியவில்லை’ என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஐபிவி6க்கும் பிடிஆர் போடுங்கள், இல்லாவிட்டால் அனுப்புவதை ஐபிவி4 மட்டும் என்று கட்டிவிடுங்கள்.

எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். செய்திமடல் சேவைக்காக இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. ஒரே பதிவுக்குள் இரண்டையும் எழுத வேண்டும். அதற்குள் செய்யும் டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டவும் கூடாது. டிகிமுக்கு 2048 பிட் சாவி வையுங்கள். அதன் பொதுச்சாவி ஏறக்குறைய 400 எழுத்து நீளம் வரும், டிஎன்எஸ்ஸில் ஒரு உரைத்துண்டு 255 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு துண்டாக, தனித்தனி மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். சில டொமைன் விற்பனையாளர்களின் பக்கம் மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும், பதிவு இருப்பது போலவே தோன்றும். அதனால் போட்ட பிறகு ‘டிக்’ கட்டளையால் முழுச் சாவியும் வெளியே தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். டிமார்க்கை முதல் சில வாரங்களுக்குக் கண்காணிப்பு நிலையில், அதாவது ‘நன்’ என்று விட்டு, தினமும் வரும் அறிக்கைகளில் எல்லாம் தேறுகிறதா என்று பார்த்துவிட்டுக் ‘குவாரன்டைன்’, பிறகு ‘ரிஜெக்ட்’ என்று ஏற்றுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, மெயில்-டெஸ்டர் தளம் 10க்கு 10 கொடுத்தாலும், மெயில் இன்பாக்ஸில்தான் விழும் என்று யாரும் உறுதி தர முடியாது. அந்த மதிப்பெண் பதிவுகள் ஒழுங்காக இருப்பதை மட்டுமே காட்டுகிறது. புதிய ஐபி, புதிய டொமைன், மாதத்துக்கு இருபது மெயில் என்றால் ஜிமெயிலுக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் உங்களைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் தெரியாது. தெரியாதவரைச் சந்தேகத்தோடுதான் நடத்துவார்கள். மைக்ரோசாஃப்ட் பக்கம் கூடுதல் கடுமை. ஐபித் தொகுதியோடு சேர்த்து மறுக்கும்போது 550 வரியில் எஸ்3150 என்ற குறி வரும். அதற்கு அவர்களுடைய நீக்கல் படிவத்தை நிரப்பிக் காத்திருக்க வேண்டும். 4இல் தொடங்கும் எண் தற்காலிக மறுப்பு, சர்வரே மீண்டும் முயலும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. 5இல் தொடங்குவது இறுதி மறுப்பு. இவை இரண்டையும்விட மோசமானது 250 என்று ஏற்றுக்கொண்டு ஸ்பேமில் போட்டுவிடுவது. உங்களுக்குத் திரும்பி எதுவும் வராது. வேலைக்கு விண்ணப்பித்த மெயிலுக்குப் பதில் வரவில்லை என்றால், அவர்கள் விரும்பவில்லையா, பார்க்கவே இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். முதன்மை மெயிலை இதில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

நிறுவிய பிறகு வரும் வேலைகளில் நான்கு அடிக்கடி கவிழ்ப்பவை. டிஎல்எஸ்ஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளைக்கு வரும், தானாகவே புதுப்பிக்கும். ஆனால் மெயில் பெட்டியை ஆப்புக்குத் திறந்து காட்டும் மென்பொருளான டவ்காட் பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு ஓடும், போஸ்ட்ஃபிக்ஸும் சிறிது நேரம் அப்படி ஓடலாம். புதுப்பித்ததும் இரண்டையும் ரீலோட் செய்யும் கட்டளையைச் சேர்க்காவிட்டால் ஒருநாள் காலையில் வீட்டில் எல்லோர் போனிலும் சான்றிதழ் எச்சரிக்கை வரும். அடுத்தது, ஸ்பேம் வடிகட்ட ஸ்பாம்ஹவுஸ் பட்டியலைக் கேட்கும் சர்வர், 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் உண்மையான பதில் தராது, 127.255.255.254 என்ற பிழைக்குறியைத் தரும். அதையும் ‘பட்டியலில் இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்ட சர்வர், வரும் மெயில் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிடும். அதே சர்வரில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி, அதன் வழியாக மட்டும் கேட்க வைத்தால் தீரும்.

மூன்றாவது கடவுச்சொல். குடும்பத்தில் ஒருவர் எளிதான கடவுச்சொல் வைத்திருந்தால், ஓயாமல் ஊகித்துக்கொண்டிருக்கும் ரோபோக்களில் ஒன்று பிடித்துவிடும். விடிவதற்குள் ஆயிரக்கணக்கான ஸ்பேம் உங்கள் பெயரில் போய், நீங்கள் மாதக்கணக்கில் சேர்த்த நற்பெயர் போய்விடும். நீளமான கடவுச்சொல், ஃபெயில்2பேன் (தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப இடும் ஐபியைத் தடுக்கும் மென்பொருள்), அதோடு ஒரு கணக்கிலிருந்து மணிக்கு இத்தனை மெயில்தான் என்ற வரம்பு. வீட்டுக்கு 50 தாராளம். வரம்பு வைத்திருந்தால் கடவுச்சொல் கசிந்தாலும் சேதம் சிறியது. நான்காவது பேக்கப். ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் மென்பொருள் வைத்துக் குறியாக்கம் செய்து வேறொரு இடத்துக்கு அனுப்புங்கள்; டிகிம் தனிச்சாவியும் அமைப்புக் கோப்புகளும் அதில் இருக்கட்டும். குறியாக்கம் செய்யாமல் கூகுள் டிரைவில் கொண்டுபோய் வைத்தால் இத்தனை பாடும் எதற்கு? மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு மெயிலையாவது மீட்டுப் பாருங்கள்.

சரி, உங்களுக்கு நான் சொல்லும் வழி. ஒரு டொமைன் வாங்குங்கள். டாட் இன் என்றால் வருடத்துக்குச் சுமார் 600 முதல் 900 ரூபாய், டாட் காம் கொஞ்சம் கூடுதல். போனில் சொன்னாலும் எழுத்துப்பிழை வராத பெயராக இருக்கட்டும். டொமைன் கையில் இருந்தால் முகவரி உங்களுடையது. இன்று ஒரு நிறுவனம், பிடிக்காவிட்டால் நாளை இன்னொன்று. எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை மாற்றினால் போதும், யாருக்கும் புது முகவரி சொல்ல வேண்டாம். கணக்கு முடக்கப்படும் பயம் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

சேவையைத் தேர்வது உங்கள் தேவையைப் பொறுத்தது. புரோட்டான், டூட்டா இரண்டும் வந்து சேர்ந்த மெயிலைத் தாங்களே படிக்க முடியாதபடி பூட்டி வைக்கின்றன. டூட்டாவில் தலைப்பும் பூட்டப்படும், புரோட்டானில் தலைப்பு அப்படிப் பூட்டப்படுவதில்லை. ஆனால் டூட்டாவைத் தண்டர்பேர்ட் போன்ற கணினி மெயில் ஆப்பில் திறக்க முடியாது, புரோட்டானைத் திறக்கக் கட்டணத் திட்டமும் ‘பிரிட்ஜ்’ என்ற துணைமென்பொருளும் வேண்டும். நாட்டுச் சட்டத்துக்கு இவர்களும் கட்டுப்பட்டவர்கள்தான். 2021இல் சுவிஸ் சட்ட ஆணைக்குப் பணிந்து, பிரெஞ்சு ஆர்வலர் ஒருவரின் ஐபி விவரத்தைப் புரோட்டான் கொடுக்க வேண்டியிருந்தது. மெயிலின் உள்ளடக்கம் போகவில்லை. ஃபாஸ்ட்மெயில், மெயில்பாக்ஸ், நம் ஊர் ஜோஹோ மெயில் போன்றவை வழக்கமான ஐமேப் (எந்த மெயில் ஆப்பிலிருந்தும் பெட்டியைத் திறக்க உதவும் முறை) சேவைகள், விளம்பரம் கிடையாது, எல்லா ஆப்பிலும் ஓடும். ஆனால் வழக்கமான அமைப்பில் சாவி நிறுவனத்திடம்தான். ஜோஹோவின் இலவசத் திட்டத்தில் ஐமேப் இல்லாததால் கட்டணத் திட்டமாக எடுங்கள். மருத்துவ ரிப்போர்ட், குடும்பக் கடிதம் பற்றிய கவலைதான் பெரிது என்றால் என் தேர்வு புரோட்டான். தண்டர்பேர்டில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துப் பழகியவர் என்றால் ஐமேப் சேவை.

டொமைன் வாங்கிய கணக்குக்கு இரண்டு கட்டப் பூட்டுப் போடுங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்குங்கள், முடிந்தால் 5 வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். அந்தக் கணக்கின் தொடர்பு முகவரியாக அதே டொமைனின் மெயிலைக் கொடுக்கவே கூடாது. டொமைன் காலாவதியானால் புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அந்தச் செத்த முகவரிக்குத்தான் போகும். பிறகு யாரோ ஒருவர் அந்த டொமைனை வாங்கி, உங்கள் வங்கிக் கணக்கின் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ பொத்தானை அழுத்தினால் மெயில் அவருக்குப் போகும். சொந்த டொமைனில் உள்ள மிகப்பெரிய ஆபத்து இதுதான், சர்வர் யாருடையது என்பது இதற்கு முன் சிறிய கேள்வி.

அன்றாடத் தனியுரிமையில் சர்வரைவிட அதிகப் பலன் தருபவை இரண்டு. கடைக்கும் தளத்துக்கும் உண்மை முகவரியைத் தராமல், சிம்பிள்லாகின், அடி (addy.io), ஃபயர்ஃபாக்ஸ் ரிலே போன்ற சேவைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைமுகவரி கொடுங்கள். உங்கள் டொமைன் பெயரும் வெளியே போகாது, எது கசிந்தாலும் அதை மட்டும் மூடிவிடலாம். அடுத்து, மெயிலில் உள்ள படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். நீங்கள் எப்போது திறந்தீர்கள் என்று அனுப்பியவருக்குச் சொல்லும் ஒற்றைப்புள்ளிப் படங்கள் அதோடு செயலிழக்கும். தண்டர்பேர்டில் அது ஏற்கெனவே நிறுத்தித்தான் இருக்கும்.

சர்வர் பழகுவதற்கு இரண்டாவது டொமைன் ஒன்று எடுங்கள். முதல் மூன்று மாதம் மெயில் வாங்க மட்டும். செய்திமடல்கள், குழு மடல்கள் இவற்றை அங்கே வரவழையுங்கள். 1 முதல் 2 ஜிபி நினைவகம் உள்ள விபிஎஸ், மாதம் சுமார் 400 முதல் 600 ரூபாய். மெயில்-இன்-எ-பாக்ஸுக்கு அது போதும், உபுண்டு 22.04 புதிதாக நிறுவிய இயந்திரம் வேண்டும், வேறு எதையும் அதில் ஓட்டக் கூடாது. மெயில்கவ் எடுத்தால் அவர்கள் கேட்பது 6 ஜிபி. வைரஸ் சோதிக்கும் கிளாம்ஏவி மட்டுமே 1 ஜிபிக்கு மேல் விழுங்கும். நினைவகம் போதாத சர்வரில் கெர்னல் எதையாவது கொன்றுகொண்டே இருக்கும், சில நேரம் அது டவ்காட்டாக இருக்கும். அனுப்பத் தொடங்கும்போது உங்கள் மெயிலை வாங்கித் தன் சர்வரிலிருந்து அனுப்பித் தரும் ரிலே சேவை ஒன்றின் வழியாக 587ஆம் போர்ட்டில் அனுப்பினால் ஐபி நற்பெயர் பிரச்சினை அவர்களுடையதாகிவிடும். அனுப்பும் மெயில் எல்லாம் அவர்கள் கண்ணில் படும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். ஆறு மாதம் சர்வரின் பதிவேட்டைப் (லாக்) படித்து, ஒருமுறையாவது சர்வரை முழுவதும் அழித்து பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்த பிறகு, முதன்மை மெயிலை மாற்றுவதா என்று முடிவெடுக்கலாம். அப்போது அந்தப் பழைய லேப்டாப்புக்கும் வேலை உண்டு: விபிஎஸ் வாசலில் மெயிலை வாங்கி, வயர்கார்டு என்ற குறியாக்கம் செய்த இணைப்புச் சுரங்கம் வழியாக வீட்டு லேப்டாப்பின் குறியாக்கம் செய்த வட்டுக்குத் தள்ளிவிடும். வாசல் வாடகை இடத்தில், பெட்டி உங்கள் வீட்டில். ஆனால் அது இரண்டாம் வருட வேலை.

ஜிமெயில் கணக்கை அழிக்காதீர்கள். கூகுள் டேக்அவுட்டில் முழு மெயிலையும் இறக்கி, தண்டர்பேர்டில் திறந்து பழைய மெயில் ஏதாவது ஒன்றைத் தேடிப் பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு வங்கி, வருமான வரித் தளம், டிஜிலாக்கர், காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட் கேஒய்சி என்ற வரிசையில் முகவரியை மாற்றுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று போதும். மியூச்சுவல் ஃபண்டை மறந்தால் மாதாந்திரக் கணக்கு அறிக்கை பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். ஒரு வருடம் ஜிமெயிலுக்கு என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, வருவதை ஒவ்வொன்றாகப் புது முகவரிக்கு மாற்றுங்கள். எல்லாம் நின்ற பிறகு பழைய மெயில்களை மட்டும் அழித்துவிட்டுக் காலிக் கணக்கை வைத்திருங்கள். 2 ஆண்டு உள்ளே நுழையாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்நுழைய நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.